தட்டில் தடவிய எண்ணெய்

1. ராஜபாளையத்து மில் ஒன்றில் இயந்திரம் சோதிக்கப் போகிற வழியில், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு இட்லிக் கடையில் உட்கார்கிறேன்.
2. எள் எனக்கு ஆகாது, போன தடவை தொண்டை வீங்கி மூச்சு அடைத்தது என்று கடைக்கார அக்காவிடம் சொல்கிறேன். பொடி வேண்டாம், எண்ணெயும் வேண்டாம் என்கிறேன்.
3. அவர் தலையாட்டிவிட்டு வெறும் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வைக்கிறார்.
4. இரண்டாவது இட்லியைப் பிட்டபோது உதடு அரிக்கத் தொடங்குகிறது.

"அக்கா, மாவு ஊத்துறதுக்கு முன்னாடி தட்டுல என்ன தடவுனீங்க?"

"நல்லெண்ணெய்தான். தடவாட்டி ஒட்டிக்கிடுமே."

"எண்ணெய் வேண்டாம்னு சொன்னேனே."

"அது தட்டுக்குத் தாயி, ஒனக்கா ஊத்துனேன்?" என்று சிரிக்கிறவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்துகிறார்.

இங்கே தட்டில் தடவுவதை யாரும் எண்ணெய்க் கணக்கில் சேர்ப்பதில்லை.

ராஜபாளையம் பஸ் ஹாரன் அடிக்கிறது. நடுவழியில் மூச்சு அடைத்தால் யார் என்ன செய்ய முடியும்? பையை எடுக்கிறேன். தொண்டைக்குள் ஏதோ தடிக்கிறது.

"பஸ்ஸு போனாப் போகுது. ஏட்டி, வா ஆஸ்பத்திரிக்கு!" அடுப்பை அப்படியே விட்டுவிட்டு அக்கா என்னை இழுத்து ஆட்டோவில் ஏற்றுகிறார்.

ஊசி போட்டாயிற்று. வீக்கம் திரும்பவும் வரலாம், சாயங்காலம் வரை இங்கேயே இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். என் பையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் இருக்கிறார். உதடு இன்னும் தடித்திருக்கிறது. மூச்சு வந்துகொண்டிருக்கிறது.