பாதியில நிறுத்துன மாத்திரை

சபையார் எல்லாருக்கும் தோத்திரம். நான் மானாம்பதி காலனி எஸ்தரு. எனக்கு வாய் நீளம்னு உங்களுக்கே தெரியும். அந்த வாயாலதான் என் வூட்டுக்காரருக்குக் காலு போவப் பாத்துச்சு.

போன தை மாசம் கரும்பு லோடு ஏத்தறப்ப, டிராக்டர்லேர்ந்து விழுந்து அவருக்குக் காலு ஒடிஞ்சிடுச்சு. பெரியாஸ்பத்திரியில பிளேட்டு வெச்சுத் தெச்சாங்க. பத்து நாளைக்கு மாத்திரை குடுத்தாங்க. புண்ணு காஞ்சாலும் நிறுத்தக் கூடாதுன்னு நர்சம்மா ரெண்டு தடவ சொன்னாங்க. அஞ்சாம் நாளே காஞ்சிடுச்சு. ஞாயித்துக்கிழமை இதே எடத்துல நின்னு, 'மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டேன், கர்த்தரே ஆத்திட்டாரு'ன்னு சாட்சி சொன்னேன். நீங்கள்லாம் அல்லேலூயா சொன்னீங்க. எனக்குத் தலகால் புரியல.

அடுத்த வாரமே தையல்ல சீழ் கட்டிச்சு. ஜுரம் கொதிக்குது. அப்படி சாட்சி சொல்லிட்டு இத யார்கிட்ட போய்ச் சொல்றது? உத்திரமேரூர்ல மெடிக்கல் கடையில ரெண்டு ரெண்டு மாத்திரையா வாங்கியாந்து குடுத்தேன். ஜுரம் கொறைஞ்சா நிறுத்திடுவேன். ஏறினா மறுபடியும் ரெண்டு. மூணு வாரம் இப்படியே ஓட்டினேன்.

காலு வீங்கி, நாத்தம் அடிச்சு, ஆளு பெனாத்த ஆரம்பிச்சப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சீழை டெஸ்டுக்கு எடுத்தாங்க. ரிசல்ட்டு வர மூணு நாளாவுமாம். ஊசி போட்டுக்கினேதான் இருந்தாங்க, ஜுரம் எறங்கல.

"சாதா மருந்துக்கு அடங்காத கிருமி மாதிரி தெரியுதும்மா. நாளைக்குள்ள கட்டுப்படலைன்னா முட்டிக்குக் கீழ காலை எடுக்கணும். இல்லன்னா உயிருக்கே ஆபத்து"ன்னாரு டாக்டரு. "குடுத்த மாத்திரையை முழுசா போட்டாரா? வெளியில எதுனா வாங்கிக் குடுத்தியா?"

அவரைப் பாக்க வந்த நம்ம பாஸ்டரம்மா பக்கத்துலயே நிக்கிறாங்க. "எல்லாம் ஒழுங்கா குடுத்தேன் சார். வெளியில ஒண்ணும் வாங்கல"ன்னுட்டேன்.

வராண்டாவுல போய் உக்காந்து ஜெபம் பண்ணேன். ஜெபம் இன்னா ஜெபம், சண்டைதான் போட்டேன். 'ஆண்டவரே, கூலி வேலை செய்யறவருக்குக் காலை எடுத்தா நாங்க எப்படிப் பொழைக்கிறது? உமக்குக் கண்ணு இல்லையா?' எனக்குச் சத்தம் எதுவும் கேக்கல, தரிசனமும் வரல. ஆனா டாக்டரு கேட்ட கேள்வியே நெஞ்சுல வந்து வந்து நிக்குது. நான் காலைக் கேக்கறேன், ஆண்டவரு என் பொய்யைக் கேக்கறாரு. எழுந்து உள்ள போனேன்.

பாஸ்டரம்மா எதிர்லயே எல்லாத்தையும் சொன்னேன். பையில கெடந்த, மெடிக்கல் கடையில வாங்கின காலி மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன். டாக்டருக்குக் கோவம் வந்துடுச்சு. "இதே வகை மருந்தைத்தானேம்மா நாங்களும் ஊசியில ஏத்திட்டிருக்கோம். அரைகுறையா குடுத்துக் கிருமியைப் பழக்கி வெச்சிருக்க. இத முதல்லயே சொல்றதுக்கு இன்னா?"ன்னாரு. ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம அப்பவே ஊசியை மாத்தினாரு. அன்னிக்கே புண்ணைத் தொறந்து கழுவினாங்க. பாஸ்டரம்மா ஒரு வார்த்தை திட்டல. என் கையைப் புடிச்சிக்கினு உக்காந்திருந்தாங்க.

மறுநாள் சாயங்காலம் ஜுரம் எறங்குச்சு. அவரு கண்ணைத் தொறந்து, "இன்னாமே, மூஞ்சி இப்படி வீங்கிக் கீது?"ன்னாரு. நான் ஓன்னு அழுதுட்டேன். அப்புறம் வந்த ரிசல்ட்டுலயும், மாத்தின மருந்துக்குத்தான் அந்தக் கிருமி அடங்கும்னு இருந்துச்சு. காலு தப்பிச்சிடுச்சு. தோ, கோலு ஊணிக்கினு கடைசி வரிசையில உக்காந்துகினு கீறாரு.

முன்ன நான் சொன்ன சாட்சி தப்பு. கர்த்தரும் மன்னிக்கணும், நீங்களும் மன்னிக்கணும். என் ஜெபத்தைக் கேட்டாரு, அது சத்தியம். ஆனா மொதல்ல என் வாயைத் தொறந்துதான் என் வூட்டுக்காரரோட காலைக் காப்பாத்தினாரு. உங்க வூட்டுல யாருக்கானா புண்ணு ஆறாம கீதா? வெக்கப்படாம என்னைக் கூப்பிடுங்க. முட்டி போட்டு ஜெபம் பண்றேன். பண்ணிட்டு, மாத்திரை எத்தினி மீதி கீதுன்னும் எண்ணிப் பாப்பேன்.