ஒரு வாய்க் கஞ்சி

வாய்ப்புண்ணுக்குக் காட்டப் போன இடத்தில் பல் டாக்டர் சொன்னார்: "வாயில நல்ல கிருமியும் இருக்கும்மா. கொப்பளிக்கிற மருந்தை ஊத்தி அதையும் கொன்னுறாதீக. காலையில புளிச்ச கம்மங்கஞ்சி குடிங்க."

இன்று காலை பானையைத் திறந்தேன். அந்தப் புளித்த வாடை வந்ததும் அப்பாவின் கும்பா நினைவுக்கு வந்தது.

தாயில்பட்டியில் அப்பா பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலப்பவர். வெயில் ஏறுமுன் கலந்து முடிக்க வேண்டும் என்று விடியும்போதே கிளம்பிவிடுவார். கும்பாவில் ஒரு வாய்க் கஞ்சியை மிச்சம் வைத்துவிட்டுத்தான் போவார், திரும்பி வந்து குடிப்பதற்கு. அவர் வரும்வரை அம்மா அதைக் கழுவமாட்டாள்.

ஒருநாள் பசியில் நான் அதைக் குடித்துவிட்டேன். விரலால் வழித்துக்கொண்டிருந்தபோது கூரை ஓடுகள் அதிர்ந்தன. தெருவே கம்பெனிகள் இருக்கும் பக்கம் ஓடியது. நான் கும்பாவோடு வீட்டிலேயே இருந்தேன். வாயிலிருந்த கஞ்சியை விழுங்கவும் பயம், துப்பவும் பயம்.

வெடித்தது பக்கத்துக் கம்பெனி. மதியம் அப்பா நடந்து வந்தார். கும்பாவைப் பார்த்து, "யாரு குடிச்சா?" என்றார்.

"நாந்தேன்" என்றாள் அம்மா. என் பக்கம் திரும்பவேயில்லை.

இன்று மகனுக்கும் கஞ்சி ஊற்றினேன். அவனுக்கும் கம்பெனி வேலைதான். சொட்டு விடாமல் குடித்து, கும்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான். மிச்சம் வைக்கச் சொன்னால் சிரிப்பான். கும்பாவை நிமிர்த்தி, என் பங்கிலிருந்து ஒரு வாய் ஊற்றி மூடி வைத்திருக்கிறேன்.

மணி பத்து. இன்னும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை.