எடைமேடையில் இருபது நிமிடம்

மாமா கம்பெனியை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர், தலையணையையும் தெர்மாஸையும் இரண்டு சட்டைகளையும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுக்கொண்டு யார்டு வாசலைத் தாண்டினார். நான், லாரிகளை அனுப்பிவைக்கும் டிஸ்பாட்ச் அறைக் கண்ணாடிக்குப் பின்னால், தலைபோகிற வேலை இருப்பதுபோல் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன். அந்த டிஸ்பாட்ச் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.

அம்மாவின் தம்பி. டிரைவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘ஊமை ஹாரன்’. வழியை மறித்து யார் நின்றாலும் ஹாரன் அடிக்கமாட்டார், இறங்கிப் போய்ப் பேசுவார். கேட்டால், “அவசரம் எனக்குத்தானே, அவன் காதை எதுக்குக் கிழிக்கணும்?” என்பார்.

ஆயிரத்து இருநூறு லாரி ஓடிய அந்தக் கம்பெனியில் சங்கம் கிடையாது. “நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்பார் மேனேஜர். பதினாறு மணி நேரம் ஓட்டிக் கண்ணசந்த ஒருவர் பாலத்தில் மோதிக் காலை இழந்தபோது, ‘அவர் ஒப்பந்த ஆள்’ என்று கைகழுவினார்கள். அதன் பிறகுதான் மாமா சங்கம் அமைக்கக் கிளம்பினார். டிரைவர்களில் பாதிப் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டால் சங்கத்தைக் கம்பெனி ஏற்றே ஆகவேண்டும்.

யார்டு முழுக்கக் கேமரா. நடுவழியில் நின்றால் ஜி.பி.எஸ். காட்டிக்கொடுத்துவிடும். சரக்கோடு லாரியை எடை போடும் எடைமேடை வரிசையில் நின்றால் மட்டும் யாரும் ஏனென்று கேட்பதில்லை. புதன்கிழமைதோறும் மாமா தன் முறை வந்ததும் ஒதுங்கி, பின்னால் நிற்பவர்களை முன்னே விடுவார். கடந்து போகிறவர் ஜன்னல் வழியாகச் சங்க அட்டையை வாங்கிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். இருபது நிமிடத்தில் ஏழெட்டுப் பேர்.

“உங்க மேனேஜர் பார்த்தா, எல்லாருக்கும் வழி விடுறானே, எவ்வளவு பெருந்தன்மைன்னு நினைச்சுக்குவாரு” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

கையெழுத்துக்கு இன்னும் நாற்பது பேர் குறைந்தபோது மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “எடைமேடையில ஏன்மா லேட்டாகுது? எடை ரசீதை வச்சு ஒரு பட்டியல் போடு. வெளிநாட்டுத் துறைமுக ஆபீஸ்ல ஒரு இடம் காலியா இருக்கு, இப்படி நறுக்குன்னு வேலை பார்க்கிற ஆள்தான் வேணும்.”

கூட்டம் அதிகம் சார் என்று சொல்லியிருக்கலாம். எனக்கோ அந்த ஊரைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது. தேதி, வண்டி எண், வந்த நேரம், எடை போட்ட நேரம். காரணம் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை, அதையே எனக்கு நான் சமாதானமாகச் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு புதன்கிழமைக்கு நேராகவும் மாமாவின் வண்டி எண். கீழே கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாமாவை வேலையைவிட்டு நீக்கினார்கள். அவர் போனதும் மற்றவர்கள் பயந்து ஒதுங்கினார்கள். சங்கம் அத்தோடு படுத்தது.

“உனக்கு முன்னாடியே எதுவும் தெரியாதாடி?” அம்மா கேட்டாள்.

“தெரியாதும்மா.”

அடுத்த மாதம் கிளம்பினேன். ஏழு வருடம், நான்கு துறைமுகங்கள். எங்கும் ஒரு வருடம், இரண்டு வருடத்துக்கு மேல் கால் தரிக்கவில்லை. மாமாவுக்கு ஒருமுறைகூட போன் செய்யவில்லை. இப்போது திரும்பி வந்து மூன்று நாளாகிறது. இரண்டு தடவை அவர் வீட்டுத் தெருமுனைவரை போய், மருந்துக்கடையில் தேவையில்லாத தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

என்னை வரவழைத்த செய்தி இன்னும் போனில் இருக்கிறது:

“நல்லா இருக்கியாம்மா? என் கேஸ் இப்பத்தான் விசாரணைக்கு வருது. வேலைக்கு டிமிக்கி குடுத்தேன்னு கம்பெனி உன் பட்டியலைத்தான் காட்டுது. என்னை வேலையை விட்டுத் தூக்கின அன்னைக்கே அதை என்கிட்ட காட்டிட்டாங்க. அக்காகிட்ட நான் சொல்லல. பட்டியலைக் கேட்டது யாரு, எதுக்குன்னு நீ வந்து சொன்னா போதும். அவசரம் எனக்குத்தான். உனக்குத் தோணினா வா.”