மாறிப்போன பாட்டில்

சிரம்பான் மருந்துக்கடையில் நேற்று என் இருமல் மருந்துக்குப் பதிலாக வேறு யாருடைய தைலத்தையோ கொடுத்துவிட்டார்கள். அங்கேயே மூடியைத் திறந்தேன். கற்பூர நெடி மூக்கில் ஏறியது. எனக்கு மறுபடியும் ஏழு வயது.

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்வேலி. மருந்துக்கு நாங்களேதான் பாட்டில் கொண்டுபோக வேண்டும். எல்லார் வீட்டிலும் இருந்தது ஒரே மாதிரி, சோயா சாறு வந்த கிச்சாப் பாட்டில். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் ஐயா பெயர்ச்சீட்டு ஒட்டமாட்டார். அன்று விடிகாலை, யாருடைய முழங்காலுக்கோ வைத்திருந்த தைலத்தை அப்பாவின் இருமலுக்குக் கொடுத்துவிட்டார். அப்பா அதோடு நேராகப் பால்வெட்டப் புறப்பட்டார்.

வேலிவாசலில் காவல்காரன் மறித்தான். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு மருந்து போகிறதென்று அவனுக்குச் சந்தேகம்.

"மினும்!" என்றான். குடித்துக் காட்டச் சொல்கிறான்.

அப்பா மோந்து பார்த்தார். "துவான், இது தேய்க்கிற தைலம். டிரெசர் மாத்திக் குடுத்துட்டாரு."

துப்பாக்கிக் கட்டை அப்பாவின் வாயில் இறங்கியது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த என் காலடியில் இரண்டு பல் வந்து விழுந்தன. ரத்தம் கொட்டிய அந்த வாய்க்குள் காவல்காரன் தைலத்தைக் கவிழ்த்தான். அப்பாவின் குரல் அன்றோடு போயிற்று.

டிரெசர் ஐயாவிடம் அம்மா அழுதாள். "பாட்டில் மாறிப்போச்சு. அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்ற?" என்றார்.

நேற்று கடைப்பெண்ணும் அதையே சொல்லிச் சிரித்தாள். "சாரிம்மா, மாறிப்போச்சு லா. சின்ன விஷயம்தானே?"

திறந்த பாட்டிலை அவள் உதட்டருகே கொண்டுபோனேன்.

"மினும்" என்றேன்.