இரண்டு வாக்கு

ஒரு ரோட்டைக் கடப்பதற்கு இரண்டு சபைகள் வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியாது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

எழுபதுகளில் நாங்கள் இலங்கையை விட்டு வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்தோம். என் பள்ளிக்கூடம் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் ஒரு வேலை காத்திருந்தது. ஆனால் அது விடியவே தொடங்குகிற வேலை. அப்பா அதற்கும் முன்னால் போய்விடுவார். "ரோட்டில சிக்னல் லைற் வரட்டும், பிள்ளை தனியக் கடக்கட்டும், பிறகு நீர் வேலைக்குப் போகலாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். வருவார் போவாரிடமெல்லாம் அம்மா லைற்றைப் பற்றியே கேட்டார்.

அந்த நேரத்தில் நகரசபைத் தேர்தல் வந்தது. நாங்கள் குடியுரிமை எடுத்திருக்கவில்லை. ஆனாலும் அந்த நாட்டுச் சட்டப்படி இலங்கையர் பிரிட்டிஷ் பிரஜைகளாம், வாக்குப் போடலாமாம். இந்தக் கூத்தை எல்லாம் அப்பாதான் சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு விளங்கப்படுத்தினார்.

"வட்டாரத்துக்கு ரெண்டு பேர். ஆளுக்கு ரெண்டு வாக்கு. ரெண்டு பேரும் நகரசபைக்குப் போவினம். ஆனால் முதலாவதா வாற ஆள்தான் அதுக்கு மேல இருக்கிற மெட்ரோ சபைக்கும் போவார். பெரிய ரோட்டில லைற் போடுறது மெட்ரோவின்ர வேலை."

எட்டு வயதிலேயே எனக்கு அது விளங்கியது. அவ்வளவு தெளிவாகச் சொன்னார்.

லைற் வேண்டுமென்று தேர்தலில் நின்றது ஒரு பெண். எங்கள் கதவைத் தட்டி, தான் முதலாவதாக வருவதற்குத் தனக்கு மட்டும் ஒரு வாக்கைப் போட்டுவிட்டு மற்றதை வெறுமையாக விடும்படி கேட்டார். அப்பா தலையாட்டினார். மறுவாரம் பழைய உறுப்பினர் வந்தார். லைற் போட்டால் கார்கள் தேங்கும் என்கிற மனுசன். அம்மா மரியாதைக்குத் தேத்தண்ணி கொடுத்தார்.

அம்மா குளித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், அப்பா தெரிந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் ரெலிபோன் எடுத்தார். "ரெண்டு வாக்கையும் போடுங்கோ, ஒண்டை வீணாக்கக் கூடாது. கிழவனுக்கும் ஒண்டு குடுங்கோ. வீட்ட வந்து தேத்தண்ணி குடிச்ச மனுசன், பாவம்." பக்கத்தில் இருந்து கேட்ட எனக்கு அப்பாவின் நியாயம் பெருமையாக இருந்தது.

இரண்டு பேரும் வென்றார்கள். கிழவர் சொற்ப வாக்குகளால் முதலாவது. எங்கள் நாலைந்து வீடுகள் அதை மாற்றியிருக்குமோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அப்பா ஐஸ்கிரீம் வாங்கி வந்தார்.

"அப்பா எல்லாரையும் ரெண்டு பேருக்கும் போடச் சொன்னவர்" என்று நான்தான் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தார். "அப்ப லைற் வராது."

"வராட்டி என்ன, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக நீர் இருக்கிறீர்தானே."

அம்மா ஐஸ்கிரீமைக் கிண்ணங்களில் போட்டார். எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எங்களுக்கு அவ்வளவு அழகாக விளங்கப்படுத்தியவர், கடைசியில் தானே பிழை விட்டுவிட்டாரே என்று. யார் பிழை விட்டாலும் அந்த இடத்திலேயே திருத்துகிறவர் அம்மா. அன்றைக்கு மட்டும் ஏன் அவரைத் திருத்தவில்லை என்பது எனக்கு விளங்கவேயில்லை.