பென்சிலில் எழுதிய ஞாயிறு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, நாலாயிரம் நாற்காலி போட்ட ஓர் அரங்கத்தில் நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

எனக்காக ஏதோ ஸ்பெஷல் ஷோ என்று நினைத்துவிடாதீர்கள். யாரும் வரவில்லை. ஏசி ஓடியது. லைட் எல்லாம் எரிந்தது. வாசலில் செக்யூரிட்டி எட்டுப் பேர், பார்க்கிங்கில் ஓர் ஆம்புலன்ஸ், மேடைக்கு முன்னால் வெள்ளை உறை போட்ட சோஃபாக்கள்... ஆட்களைத் தவிர எல்லாம் தயார்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு — பெங்களூரில் அரசுக்குச் சொந்தமான ஓர் இண்டோர் அரங்கத்துக்கு நான் மேனேஜர். வாடகை வாங்குவது, கரண்ட் பில் கட்டுவது, கூரை ஒழுகினால் ஆள் பிடிப்பது, பாஸ் கேட்டு வரும் போன்களுக்கு மனம் நோகாமல் 'இல்லை' சொல்வது எல்லாம் நான்தான். நிகழ்ச்சி நடக்கும்போது என்னைச் சுற்றி நாலாயிரம் பேர் இருப்பார்கள். முடிந்ததும் நானும் சாவிக்கொத்தும்தான்.

அரசு அரங்கம் என்றால் ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது ஒரு துறையிலிருந்து போன் வரும். "அந்த ஞாயிறு எங்களுக்குத் தேவைப்படும், வைத்திருங்கள்." கடிதம் கிடையாது, அட்வான்ஸ் கிடையாது. நான் புக்கிங் டைரியில் பென்சிலால் 'ஹோல்ட்' என்று எழுதுவேன். எழுதுவதுதான் பென்சிலால். அதை அழிக்க எந்த மேனேஜருக்கும் தைரியம் வராது.

ஏன் என்கிறீர்களா? அந்த நாளை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு, அன்றைக்கென்று துறை வந்து நின்றால் எனக்கு டிரான்ஸ்ஃபர். கொடுக்காமல் வைத்திருந்து, துறை வராமல் போனால் — "வருமானம் ஏன் இல்லை?" என்று ஆடிட்டில் கேட்பார்கள். அதற்கு ஒரு பக்கம் பதில் எழுதினால் போதும். எது சுலபம், நீங்களே சொல்லுங்கள்.

ஒரு போன் போட்டு, "வருகிறீர்களா, இல்லையா?" என்று கேட்டால் என்ன? கேட்கலாம். ஆனால் நாங்கள் கேட்பதில்லை. மேலிடம் சொல்லும், நாங்கள் காத்திருப்போம். எனக்கு முன்னால் இருந்த மேனேஜரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

மூன்று வாரத்துக்கு முன் விமலா வந்தார். நீலசந்திராக்காரர். ஓர் ஐடி கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். காலையில் வேலைக்குப் போகும் முன் தன் ஏரியாப் பெண்களுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறார்.

"மேடம், ஒரே ஒரு ஞாயித்துக்கெழம ஹாலு வேணும். வாடகைய நாங்களே சேத்துக் கட்டிடறோம். செலக்டருங்க வரேன்னு சொல்லிக்கீறாங்க. மழையில மண்ணு கிரவுண்டுக்கு வர மாட்டாங்களாம். உள்ளாற ரப்பர் மேட்டு விரிச்சு ஆடினா வந்து பாக்கறாங்களாம்."

எந்த ஞாயிறு என்று கேட்டேன். சொன்னார். அது பென்சில் ஞாயிறு.

"வேற நாள் பாக்கலாமா விமலா?"

"அவங்களுக்கு அந்த ஒரு நாள்தான் தோது மேடம். எங்ககிட்ட ரம்யான்னு ஒரு பொண்ணு கீது. ரெய்டு போச்சுன்னா புடிக்கவே முடியாது. ஜூனியர் டீமுக்கு இந்த மாசத்தோட அதுக்கு வயசு தாண்டிடும். அதுக்காவதான் இவ்ளோ கேக்கறேன்."

நான் டைரியைப் பார்த்தேன். பிறகு, "அன்னிக்கு ஃபுல்" என்றேன்.

'ஹோல்ட்' என்று உண்மையைச் சொல்லியிருந்தால், "கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க மேடம்" என்பார். கேட்க வேண்டிவரும். ஃபுல் என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். முடிந்தது. போகும்போது தேங்க்ஸ் வேறு சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு வந்தது. ஒன்பது மணி நிகழ்ச்சிக்குப் பத்து மணிவரை ஒரு கார்கூட வரவில்லை. எலக்ட்ரீஷியன் அன்வர் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேடம், ஏசி பந்த் பண்ணிடவா? உள்ள ஒரு மனுஷன் இல்ல."

"இருக்கட்டும் அன்வர். திடீர்னு வந்துட்டா?"

அவர் போய்விட்டார். நான் பத்தாவது வரிசையில் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்தபோதுதான் உறைத்தது... என் வீட்டிலும் நான் இதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்?

தம்பி இதே ஊரில், ஒயிட்ஃபீல்டில் இருக்கிறான். "ஞாயித்துக்கிழமை வந்தாலும் வருவேன்க்கா" என்பான். டியூட்டி இல்லாத ஞாயிறுகளில் ஈஜிபுரா வீட்டில் நான் நாலு பேருக்குச் சமைத்து வைப்பேன். பக்கத்து போர்ஷன்காரர்கள் லால்பாக் போகலாம் என்று கூப்பிட்டால், "தம்பி வரான்" என்று மறுத்துவிடுவேன். மத்தியானம் தனியாகச் சாப்பிடுவேன். இரவுக்கும் அதே குழம்பு. இப்போதெல்லாம் அவர்கள் கூப்பிடுவதில்லை. நான் எப்போதும் பிசி என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அந்தப் பெரிய ஹாலில் எனக்கு அழுகை வந்தது. துறையின் மேல் கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். கோபம் இல்லை. வெறும் தனிமை. இந்த வயதில் அதைச் சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

பதினொரு மணிக்கு, என் சர்வீஸில் முதல் தடவையாக, துறை கிளார்க்குக்கு நானே போன் போட்டேன்.

"ஓ, அதா மேடம்? அது ஹோத திங்களே கேன்சல் ஆய்த்து!" போன மாதமே ரத்தாகிவிட்டதாம். அவர் குரலில் உண்மையான ஆச்சரியம். "ஒந்து போன் மாடித்ரே ஹேள்த்தித்வல்லா மேடம்!"

ஒரு போன் போட்டிருந்தால் சொல்லியிருப்போமே என்கிறார். பாவம், அவர் சொன்னதில் என்ன தப்பு?

உடனே விமலாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். ஹால் காலி, இப்போதே வரச் சொல்லுங்கள் என்றேன்.

"எங்க மேடம் வர்றது? ஹாலு இல்லன்னதும் பொண்ணுங்க எல்லாம் டூட்டி எடுத்துகினாங்க. செலக்டருங்களும் மைசூர் பக்கம் போய்ட்டாங்க."

"அடுத்த வாரம் தர்றேன் விமலா. முதல்ல உங்களுக்குத்தான்."

"ஹாலு கெடைக்கும் மேடம். அதுக்கு வயசு கெடைக்காதே."

கோபமே இல்லாமல் சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சாயங்காலம் நீலசந்திரா போனேன். விமலா என்னை ரம்யா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சூப்பர் மார்க்கெட் பில்லிங் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள், யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அப்போ இன்னிக்கு அங்க வேற யாரும் ஆடலியா மேடம்?"

"இல்லம்மா."

"லைட்டெல்லாம் போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தோம்."

தலையை ஆட்டினாள். பிறகு, எனக்கு டீ போடச் சொல்லி உள்ளே அம்மாவிடம் சொன்னாள். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்டேன். அதை அவள் என்ன செய்வாள்?

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனதும், பென்சிலில் இருந்த ஏழு ஞாயிறுகளுக்கும் வரிசையாகப் போன் போட்டேன். யாரும் கோபப்படவில்லை. என்னை டிரான்ஸ்ஃபர் செய்யவும் இல்லை. ஒருவர் ஞாபகப்படுத்தியதற்கு நன்றிகூடச் சொன்னார். ஏழில் ஐந்து எப்போதோ கேன்சல் ஆனவையாம்.

இப்போது என் கையில் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் சும்மா கிடக்கின்றன — ரம்யாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று.