குருவம்மாள் அக்கா திருத்தாமல் போன வரி

வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டிருந்தபோது ராஜபாளையத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் குருவம்மாள் அக்காவின் கணவர். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். எப்போதும் "என்ன தம்பி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல மழையா?" என்று ஆரம்பிக்கிற மனிதர் அன்று எதையும் கேட்கவில்லை.

"தம்பி, உங்க அக்கா போயிட்டா. விடியுமுன்ன நெஞ்சு வலிக்குன்னு சொன்னா. ஆஸ்பத்திரி போய்ச் சேரல, அதுக்குள்ள முடிஞ்சு போச்சு. நீங்க வரணும். வரும்போது பிளக்ஸ் ஒண்ணு அடிச்சுக் கொண்டு வாங்க."

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிளக்ஸ் டிசைன் செய்யும் கடை என்னுடையது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் இந்தக் கையால் அடித்ததுதான். அக்காவின் படத்தை ஸ்கிரீனில் வைத்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று அத்தானிடம் கேட்டேன். அக்கா வேலை பார்த்த கம்பெனியின் பெயரைச் சொல்வார் என்று நினைத்தேன்.

"விமர்சகர்னு போடுங்க தம்பி. அவ அதைத்தான் பெருசா நெனச்சா."

போட்டேன். வீட்டு முன்னால் கட்டியபோது தெருக்காரப் பெரியவர் ஒருவர் கண்ணைச் சுருக்கி வாசித்துவிட்டு, "என்ன விமர்சகரு? பட்டிமன்றத்துக்குப் போவாகளா?" என்றார். "ஜப்பான்காரன் செய்ற வீடியோ கேமுக்கு" என்றார் அத்தான். "அடேயப்பா! நம்ம குருவம்மாவா?" என்று பெரியவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு இன்னொரு முறை முதலிலிருந்து வாசித்தார். அழுதுகொண்டிருந்த எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பும் வந்து தொலைத்தது.

இந்த இணையதளத்தை வாசிப்பவர்களுக்கு அக்காவைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டு டிவியில் கன்சோல் மாட்டி ஆடும் ஜப்பானிய ஆர்பிஜி விளையாட்டுகள் உண்டு அல்லவா? நான்கைந்து பேர் கூட்டாகப் புறப்பட்டு, ஊர் ஊராகப் போய், முறை வைத்துச் சண்டை போட்டு, அறுபது எழுபது மணி நேரம் ஓடுகிற கதைகள். அவற்றைப் பற்றித் தமிழில் எழுத நான் ஆரம்பித்த தளம் இது. அதில் அறுபதுக்கும் மேற்பட்ட விமர்சனங்கள் அக்கா எழுதியவை. அவற்றில் ஒரே ஒரு வரி பொய். அந்தப் பொய் அக்காவுடையது அல்ல, என்னுடையது. உயிரோடு இருக்கும்போதே அதை அவர்களிடம் ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்று கிடந்து தவித்தேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமை எப்படியும் ராஜபாளையம் போய்ச் சொல்வதாக இருந்தேன். வெள்ளிக்கிழமையே முந்திக்கொண்டது. அதனால் இந்த அஞ்சலியில்தான் அதைச் சொல்லியாக வேண்டும்.

அக்கா எனக்கு அறிமுகமானது ஒரு புகாரோடு. நான் எழுதிய விமர்சனத்துக்குக் கீழே இப்படிப் போட்டிருந்தார்கள்: "தம்பி, ஆட்டம் பிரமாதம்னு எழுதிருக்கீங்க. சரி. ஆடுறதுக்கு இங்கிலீஷ் எம்புட்டுத் தெரியணும்னு எழுதலையே? நான் பத்தாம் கிளாஸ். வாங்கட்டா, வேண்டாமா?"

நியாயமான கேள்வி. அத்தனை நாளும் எனக்கு அது தோன்றியதே இல்லை. போன் நம்பர் வாங்கிப் பேசினேன். மகளுக்காக அத்தான் வாங்கிக் கொடுத்த கன்சோல் அது. மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகு துண்டு போட்டு மூடிக் கிடந்திருக்கிறது. ஒரு நாள் தூசி தட்டப் போனவர்கள் சும்மா போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான், அதன் பிறகு அந்தத் துண்டு வேறு வேலைக்குப் போய்விட்டது.

"எதிரிக்காரன் நம்ம முறை வரட்டும்னு காத்துட்டு நிக்கான் பாருங்க தம்பி. நான் பாலை இறக்கி வச்சுட்டு, குழம்பைக் கிண்டிட்டு, செத்த நேரம் கழிச்சு வந்தாலும் அப்படியே நிக்கான். எங்க வீட்ல இத்தனை பேர் இருக்காக, ஒருத்தராவது அப்படிக் காத்திருந்திருக்காகளா?" என்றார்கள். எனக்கு இந்தப் பேச்சை விட மனமில்லை. இதையே எழுதுங்களேன் அக்கா என்றேன். "எழுதவா? நானா? போங்க தம்பி, வேற வேலை இல்ல உங்களுக்கு" என்று வைத்துவிட்டார்கள். நான்கு நாள் கழித்துப் பதினோரு பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினார்கள்.

அக்காவுக்கு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை. வெளிச்ச மேசை மேல் ஓடுகிற துணியில் இழை விட்டிருக்கிறதா, முடிச்சு விழுந்திருக்கிறதா என்று இருபது வருஷம் பார்த்த கண். அதே கண்ணோடுதான் ஆட்டத்தையும் பார்த்தார்கள். "ஓட்டை இருக்குன்னு சொன்னா மட்டும் போதாது. எத்தனாவது மீட்டர்ல இருக்குன்னு சொல்லணும். அப்பதான் நெய்தவன் ஒத்துக்கிடுவான்" என்பார்கள். நான் "நடுப்பகுதி கொஞ்சம் இழுக்கிறது" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவேன். அக்கா, "பதினேழாவது மணி நேரத்துல சலிப்புத் தட்டுது, இருபத்தொண்ணுல சரியாயிருது, அதுவரைக்கும் பொறுத்துக்கிடுங்க" என்று எழுதுவார்கள். மதிப்பெண் போடச் சொன்னால், "மார்க் போட நான் என்ன வாத்தியாரம்மாவா?" என்று மறுத்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக இரண்டு பகுதிகளைச் சேர்த்தார்கள். ஒன்று, இங்கிலீஷ் எம்புட்டு வேணும். இன்னொன்று, அடுப்பில் பால் இருந்தால் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகலாமா. அந்த இரண்டையும் கிண்டல் செய்து வந்தவர்கள் உண்டு. அந்த இரண்டுக்காகவே வந்து தங்கியவர்கள்தான் அதிகம்.

ஜப்பானியப் பெயர்கள் அக்கா வாயில் நுழையாது. தானே பெயர் வைத்துக்கொள்வார்கள், நமக்கும் அதுவே பழகிவிட்டது. மணிக்கூண்டு ஆட்டம் என்று நாம் சொல்லும் ஆட்டத்தின் கதையை இங்கே சொல்ல வேண்டும். நாற்பது மணி நேரம் ஆடி முடித்துவிட்டு, "முடிவு மொட்டையா இருக்கு. வில்லன் ஏன் அப்படிச் செஞ்சான்னு சொல்லவே இல்ல" என்று காரசாரமாக எழுதினார்கள். நானும் ஒத்து ஊதி வெளியிட்டேன். மறுநாளே சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு வாசகர் எழுதினார்: "அக்கா, பேரெல்லாம் ஓடி முடிஞ்ச பொறவு சேவ் பண்ணவான்னு கேக்கும். அதுக்குப் பொறவுதான் மீதிப் பாதிக் கதையே இருக்கு."

நடந்தது இதுதான். சினிமாக் கொட்டகையில் 'வணக்கம்' போட்டதும் எழுந்து செருப்பைத் தேடுகிற ஆட்கள் நாம். திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் அக்கா படம் முடிந்தது என்று சுவிட்சை அணைத்துவிட்டு இட்லிக்கு ஊற்றப் போய்விட்டார்கள். போனில் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. "பாதித் துணியைப் பாத்துட்டு முழுசையும் ரிஜெக்ட் பண்ணிட்டேனே தம்பி!"

"விடுங்கக்கா, தளத்துலருந்து தூக்கிருவோம். யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன் நான்.

அக்கா கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன். "ஏன், படிச்சவுக இருக்காகளே, அவுகளை எங்க தூக்கிப் போடுவீங்க? ஒண்ணும் தூக்க வேண்டாம். என் தப்பு அங்கனயே கிடக்கட்டும். அதுக்குத் தலைமாட்டுல திருத்தம்னு போடுங்க. என்ன தப்பு, ஏன் வந்துச்சு, சரி எதுன்னு நான் ஆடிப் பாத்துட்டு எழுதித் தாரேன்."

கடைசி எதிரியை மறுபடி அடித்து, எழுந்து போகாமல் உட்கார்ந்து, இன்னும் முப்பது மணி நேரம் ஆடிவிட்டுத் திருத்தம் எழுதினார்கள். இந்தத் தளத்தின் சட்டமே அன்று முதல் அதுதான். முடிக்காமல் எழுதக்கூடாது. தப்பானால் அழிக்கக்கூடாது. என் பழைய விமர்சனங்களையெல்லாம் புரட்டிப் பார்த்து, மூன்றுக்குத் திருத்தம் போட்டேன். போட்டது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதன் பிறகுதான் வாசகர்கள் எங்களை நம்பினார்கள். அந்த நம்பிக்கை அக்கா சம்பாதித்துக் கொடுத்தது.

இவ்வளவையும் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

கப்பல்காரன் ஆட்டம் வந்த சமயம் தேர்தல் நேரம். பிளக்ஸ் வேலை மூச்சு விட விடவில்லை. இருபது மணி நேரம்தான் ஆடியிருந்தேன். மற்ற தளங்களில் எல்லாம் எழுதிவிட்டார்கள் என்ற அரிப்பு எனக்கு. மீதியை யாரோ ஆடிப் போட்ட வீடியோவில் ஓட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, முழுதும் முடித்தவன் போல விமர்சனம் எழுதிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அக்கா அதே ஆட்டத்தை ஆடும்போது இரட்டைக் காவலர்கள் இருக்கும் இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஒருவனை வீழ்த்தினால் மற்றவன் அவனை எழுப்பிவிடுவான். "தம்பி, நீங்க எப்படித் தாண்டுனீங்க?" என்று போனில் கேட்டார்கள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "இடது பக்கத்துக்காரனை முதல்ல முடிச்சிருங்கக்கா. அவன் போயிட்டா அடுத்தவன் சும்மா."

பதினோரு நாள் அதையே முயன்றிருக்கிறார்கள். பிறகு தாங்களாகவே, இரண்டு பேரையும் சமமாகத் தேய்த்து ஒரே சுற்றில் விழவைக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அவர்களது விமர்சனம் வந்தபோது அதில் இந்த வரி இருந்தது: "தம்பி சொன்ன மாதிரி இடது பக்கத்துக்காரனை முதல்ல முடிச்சாலும் தாண்டலாம். எனக்குத்தான் கை பழகலை."

தங்கள் கையால் செய்து முடிக்காததை அக்கா எழுதிய ஒரே வரி அதுதான். என்னை நம்பி எழுதினார்கள். படித்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்படியே வெளியிட்டேன்.

சொல்லப் போன நாட்களும் உண்டு. ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை எங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயர் கொண்ட பெருமாள் குன்றுக்கு அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். படியேறும்போது கூட்டத்தில் பார்த்துவிட்டேன். பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தோம். இப்போது சொல்லிவிடலாம் என்று "அக்கா, அந்தக் கப்பல்காரன் ஆட்டம்" என்று ஆரம்பித்தேன்.

"அதை விடுங்க தம்பி. நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றார்கள். "கம்பெனில என்னை செக்கிங்கக்கான்னுதான் கூப்பிடுவாக. அது ஒண்ணும் கொறச்சல் இல்ல. ஆனா குருவம்மாள்னு என் பேரைப் போட்டு ஒருத்தர் எழுதுதாரு, 'நீங்க சொன்னதால வாங்குனேன், ரொம்ப நன்றி'ன்னு. இந்த வயசுல எனக்கு இது கிடைச்சுச்சே! நீங்க மட்டும் அன்னைக்கு எழுதச் சொல்லலைன்னா ஏது?"

நான் ஒரு கோழை. தலையைக் குனிந்துகொண்டு மிச்சப் படியை ஏறினேன்.

அடக்கம் முடிந்து வந்த மறுநாள், கப்பல்காரன் ஆட்டத்தை எடுத்துப் போட்டேன். இருபதாவது மணி நேரத்தில் நான் விட்ட இடத்திலேயே நின்றது. இந்த முறை கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு ஆடினேன். இரட்டைக் காவலர்களிடம் வந்ததும் நான் சொன்ன வழியையே முதலில் முயன்றேன். ஒன்பது முறை. இடது பக்கத்துக்காரன் விழுந்தான், எழுந்தான், விழுந்தான், எழுந்தான். பிறகு அக்காவின் விமர்சனத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்கள் எழுதியபடியே ஆடினேன். இரண்டாவது முறையே காவலர்கள் இருவரும் விழுந்து கதவு திறந்தது. முழு ஆட்டத்தையும் முடித்துவிட்டு அத்தானுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தப் பதினோரு நாளும் அவ அதோட மல்லுக்கட்டுனதை நான் பக்கத்துல இருந்து பாத்தேன் தம்பி. போதும், விடு, வேற வழி பாருன்னேன். 'தம்பி ஆடாம சொல்ல மாட்டாரு, என் கைதான் சரியில்ல'ன்னு சொல்லிட்டே இருந்தா" என்றார். பிறகு, "திருத்தம் போடுங்க. உங்களைத் திட்டிருப்பா. திட்டிட்டுப் போடத்தான் சொல்லிருப்பா" என்றார்.

அக்காவின் விமர்சனத்துக்குத் தலைமாட்டில் இன்று இதைப் போட்டிருக்கிறேன்:

"திருத்தம்: கீழே உள்ள விமர்சனத்தில், இடது பக்கத்துக் காவலனை முதலில் முடித்தாலும் தாண்டலாம் என்று ஒரு வரி இருக்கிறது. அது தவறு. அப்படித் தாண்ட முடியாது. இந்த ஆட்டத்தை முடிக்காமலேயே முடித்ததாக எழுதிய நான், குருவம்மாள் அக்காவிடம் சொன்ன பொய் அது. அவர்கள் என்னை நம்பி எழுதினார்கள். சரியான வழி, அக்கா தாங்களே கண்டுபிடித்து அதே விமர்சனத்தில் எழுதியிருப்பது. அவர்கள் கையில் எந்தக் குறையும் இல்லை."

அக்கா, இப்போது நீங்கள் எழுதியதில் திருத்த வேண்டியது எதுவும் மிச்சமில்லை. போய் வாருங்கள்.